பெட்டியடிப் பாடம்

பொருளை ஈட்டத் தெரிந்தும் ஈட்டியதை ஆளத் தெரியாமல் தவிக்கின்றவர்கள், தம் வரவுசெலவை எடுத்துப் பார்த்து வழி சொல்வதற்கென்றே ஒருவரைக் கட்டணம் கொடுத்து அமர்த்திக்கொள்ளும் வழக்கம் நம் நகரங்களில் இப்போது பரவி வருகிறது. மாதச் சம்பளம் எந்தெந்த வழியில் கரைகிறது, கடன்களுள் எதை முதலில் தீர்ப்பது, பிள்ளைகளின் படிப்புக்கும் தம் முதுமைக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்பவற்றையெல்லாம் அவர் கேட்டறிந்து, திங்கள்தோறும் கணக்கை ஒத்துப் பார்த்து, செலவழிக்கும் பழக்கத்தையே சிறிது சிறிதாகத் திருத்துகிறார். இதனைப் புதிய காலத்தின் புதிய தேவை என்று கருதுவோர் பலர். ஆயினும் பொருளை ஆளும் வித்தையை மூத்தவர் ஒருவர் அருகிருந்து இளையவருக்குப் பழக்குவதும், பழகியவர் கணக்கை ஆண்டுக்கணக்காகக் கண்காணித்துத் திருத்துவதும், தமிழ்நாட்டின் வறண்ட பூமி ஒன்றில் ஒரு சமூகத்தின் வாழ்க்கை முறையாகவே நெடுங்காலம் நடந்து வந்திருக்கின்றன. காரைக்குடியையும் தேவகோட்டையையும் சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் வளர்த்த அந்த முறையின் வரலாற்றை, அதன் குறைகளையும் மறைக்காமல் எடுத்துரைப்பது, இன்று பொருள் வழிகாட்டியைத் தேடுகின்றவர்களுக்குப் பெரிதும் பயன்படும் என்பது என் துணிபு.

ஜீவநதி ஒன்றும் பாயாத அந்தப் பிரதேசத்தில் பயிர்த்தொழிலை நம்பி வாழ்வது அரிதாகையால், நகரத்தார் முன்னோர் உப்பு, நெல் முதலிய சரக்குகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் விற்று ஜீவித்தார்கள். பின்னர் இலங்கைக்கும் கல்கத்தாவுக்கும் சென்றார்கள். 1824 முதல் 1826 வரை நடந்த முதல் பர்மியப் போரை ஒட்டி இந்தியத் துருப்புகளின் பின்னே அவர்களில் சிலர் பர்மாவில் கால்வைத்தனர் என்பர். 1850-ஐ ஒட்டி மோல்மீன் நகரில் அவர்களுடைய கடைகள் தோன்றின. கீழ்ப் பர்மா 1852-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மிய அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காடு வெட்டிக் கழனியாக்க வந்த குடியானவனுக்கு முதல் வேண்டியிருந்தது, அந்த முதலை மேனாட்டு வங்கிகள் கொடுக்க முன்வரவில்லை, நகரத்தார் கொடுத்தார்கள். 1929-30-இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் நடந்துவந்தன என்றும், அவற்றில் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அக்காலத்து எழுபத்தைந்து கோடி ரூபாயின் பெறுமானத்தை எண்ணிப் பார்த்தால்தான், அவ்வளவு பெரிய திரவியத்தைத் தம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், பெரும்பாலும் இளைஞர்களாகிய பிரதிநிதிகளின் கையில் ஒப்படைத்துவிட்டு, முதலாளிகள் கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய தம் ஊர்களில் நிம்மதியாக உறங்க முடிந்தது எப்படி என்னும் வினா நமக்கு எழும்.

அந்த வினாவுக்கு விடை பயிற்சி என்பதே. பயிற்சி திண்ணைப் பள்ளியில் தொடங்கியது. எழுத்தோடு எண்ணையும் சமமாகப் போற்றிய அப்பள்ளிகளில், சிறுவர்கள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். இருபதில் ஒரு பங்காகிய மா, எண்பதில் ஒரு பங்காகிய காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி ஆகிய சிற்றெண்களை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, காகிதமும் எழுதுகோலும் இல்லாமலே வட்டிக் கணக்கை நாவில் போட்டு விடை கூறும் ஆற்றலைப் பெற்றார்கள். கணக்கைக் கண்டு அஞ்சாத மனம் இளமையிலேயே அவர்களுக்கு வாய்த்துவிட்டது. பொருள் விஷயத்தில் பெரியவர்களும் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை கணக்கின்மீதுள்ள அச்சத்தால் விளைகின்றன என்பதையும், அச்சம் கொண்டவன் தன் கடன் சீட்டைப் பிரித்துப் பார்க்காமலே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறான் என்பதையும் நினைத்தால், அந்த முதற் பாடத்தின் அருமை விளங்கும்.

பள்ளி முடிந்ததும் கடை. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு சிறுவனை, அவன் செல்வர் வீட்டுப் பிள்ளையே ஆயினும், உறவினர் ஒருவருடைய கடையிலோ பங்காளி ஒருவருடைய கடையிலோ பெட்டியடிப் பையனாக அமர்த்துவார்கள். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும், பினாங்கிலும், ரங்கூனில் மொகல் தெருவிலும் நகரத்தார் தொழில் நடத்திய இடங்களைக் கண்டவர்கள் அவற்றின் எளிமையைக் கண்டு வியந்திருப்பர். கிட்டங்கி எனப்பட்ட நீண்ட கூடத்தில் கடை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், அந்த இடத்தில் தரையில் பாய், பாயின்மேல் தாழ்ந்த சாய்வு மேசை, அருகே ஒரு பெட்டகம், இவ்வளவே அலங்காரம். லட்சக்கணக்கான ரூபாய் கைமாறிய அந்தப் பெட்டியின் அடியில் அமர்ந்த சிறுவன், தண்ணீர் கொணர்ந்தும், கடிதம் எடுத்துச் சென்றும், பணம் எண்ணியும், பெரியவர்கள் கடன் கேட்டு வந்தவனிடம் என்ன கேட்கிறார்கள், எதைக் கேட்டபின் தலையசைக்கிறார்கள், எதைக் கேட்டபின் மறுக்கிறார்கள் என்பவற்றைக் காதால் கேட்டும் கண்ணால் கண்டும் கற்றான். சில ஆண்டுகளில் அவன் அடுத்தாள் ஆவான். கடிதம் எழுதவும் கணக்கு எழுதவும் தவணை வசூலிக்கவும் உரிமை பெறுவான். திறமையும் நாணயமும் நிலைபெற்றனவென்று பலரும் ஒப்பிய பின்னரே ஏஜெண்டு என்னும் பொறுப்பு அவனைத் தேடி வரும். முதலாளியின் மகனும் இப்படிகளில் ஏறியே மேலே வரவேண்டும் என்பது அச்சமூகத்தாருடைய உறுதியான கொள்கை.

கற்பித்தவற்றுள் தலையாயது கணக்கெழுதும் முறை. அன்றாட வரவையும் பற்றையும் நிகழ்ந்த வரிசையிலே பதிவது குறிப்பு. அவற்றை ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. எல்லாவற்றையும் திரட்டிக் கடையின் நிலைமையை ஒரே பார்வையில் காட்டுவது ஐந்தொகை. அன்றைய கணக்கை அன்றே முடித்து, ஏட்டில் கண்ட இருப்பும் பெட்டியில் உள்ள பணமும் ஒத்திருக்கின்றன என்று தெளிந்த பின்னரே இரவு ஓய்வெடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் பிள்ளைகளைப் பழக்கினார்கள். இதனால் ஓரிரண்டு காசுகள் மிஞ்சின என்பது சிறிய பயன். தன் நிலைமையைத் தானே மறைத்துக்கொள்ள ஒருவனுக்கு இடமில்லாமற் போயிற்று என்பதே பெரிய பயன். கண்ணாடியை நாள்தோறும் பார்க்கின்றவன் முகத்தில் படிந்த அழுக்கை நெடுநாள் சுமக்கமாட்டான். நாள்தோறும் இருப்புக் கட்டுகின்றவனும் தன் செலவில் படிந்த குற்றத்தை நெடுநாள் சுமப்பதில்லை.

ஏஜெண்டாகப் புறப்படுகின்றவனுக்கும் முதலாளிக்கும் இடையே சம்பளச் சீட்டு எழுதப்படும். மூன்று ஆண்டு அதன் காலம். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னதாகவே பெறுவதும், கடை இலாபம் கண்டால் அதில் ஒரு பங்கு பெறுவதும் வழக்கம். பெற்ற பணத்தை அவன் வட்டிக்கு விட்டுப் பெருக்கலாம். ஆகவே, பிறர் பொருளை ஆளக் கற்றுக்கொண்டே தன் பொருளையும் ஆளக் கற்றான். கடல் கடந்து சென்றவன் அங்கே தன் விருப்பப்படி நடந்துகொள்ள விடப்படவில்லை. குறித்த காலங்களில் ஐந்தொகை தபாலில் ஊருக்கு வரும். ஊரில் இருந்த முதலாளியும் இளமையில் அதே பெட்டியடியில் அமர்ந்தவராகையால், அந்த ஏட்டைப் புரட்டும்போதே அந்த ஊரும் அந்தக் கடனாளிகளும் அவர் மனக்கண்முன் நிற்பர். ஒரே ஆளிடம் அதிகமாகத் தொகை முடங்கியிருக்கிறதா, தவணை தவறியவனுக்கு மேலும் கடன் கொடுக்கப்பட்டிருக்கிறதா, கடைச் செலவு மிகுகிறதா என்பவற்றைக் கூர்ந்து நோக்கிப் பதிற்கடிதம் எழுதுவார். அந்தக் கடிதங்களில் கடிந்துரைத்தலும் உண்டு, பாராட்டும் உண்டு, பாதுகாக்க வேண்டிய நற்பெயரைப் பற்றிய நினைவூட்டல் எப்போதும் உண்டு. மூன்று ஆண்டு முடிந்து கணக்கை ஒப்பித்து ஊர் திரும்பியவன் சிலகாலம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடியும் சீட்டெழுதிப் புறப்படுவான். இரண்டு மூன்று முறை இவ்வாறு சென்று வந்தவர்களில் சிலர் தாமே முதல் போட்டுத் தனிக் கடை வைத்தார்கள். பெட்டியடியில் தண்ணீர் சுமந்த சிறுவன் மற்றொரு சிறுவனுக்கு ஆசானாக அமர்ந்தான்.

கடையில் நடந்த இந்தப் போதனைக்கு இணையான ஒன்று வீட்டிலும் நடந்தது. அண்ணன் தம்பிமார் பலரும் ஒரே பெரிய வளவில் குடியிருப்பார்கள். ஆயினும் மணமான மகனை நெடுநாள் பெற்றோரின் அடுப்பில் உண்ண விடமாட்டார்கள். வேறு வைத்தல் என்னும் சடங்கு போன்ற ஏற்பாட்டின்படி, அதே வீட்டிலேயே அவனுக்கும் அவன் மனைவிக்கும் தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து, ஓராண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து ஒதுக்கிவிடுவார்கள். அதற்குள் குடும்பத்தை நடத்திக்கொள்ள வேண்டியது இளந்தம்பதியின் பொறுப்பு. மிச்சம் பிடித்தால் அது அவர்களுடையது. மிஞ்சிச் செலவிட்டால் அது அவர்கள் பெயரில் பற்று. லட்சாதிபதியின் மருமகளும் உப்பு, புளி, எண்ணெய் வரைக்கும் அளந்து செலவழிக்கக் கற்றாள். பெரியவர்கள் அடுத்த அறையில் இருந்தார்கள். இடறினால் தாங்கிக்கொள்ளும் தூரத்தில் இருந்தார்கள். ஆனால் இடறாமல் நடப்பதற்காகத் தூக்கிச் சுமக்கவில்லை. ஒருவனைப் பொருள் விஷயத்தில் வளர்ப்பதற்கு இதனினும் விவேகமான ஏற்பாட்டை நான் அறியேன்.

பெண்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. கணவன் மூன்று ஆண்டு கடல் கடந்திருக்கும்போது வீட்டின் வரவுசெலவு, நிலபுலம், விசேஷங்கள், உறவினர் முறைகள் யாவும் வீட்டுத் தலைவியாகிய ஆச்சியின் நிர்வாகத்தில் இருந்தன. சீதனமாக வந்த தொகையைப் பெண்ணின் பெயரிலேயே நம்பிக்கையான கடையில் வைத்து, வட்டியை ஆண்டுதோறும் முதலோடு சேர்த்து வளர விடுவார்கள். ஆச்சிமார் பணம் என்று கணக்கில் தனியே குறிக்கப்பட்ட இந்தத் தொகைகள் பல கடைகளுக்கு நிலையான ஆதாரமாயிருந்தன. இதற்கு மேல், அன்றாடச் செலவில் மிச்சம் பிடித்த சிறுவாட்டுப் பணத்தையும் அவர்கள் சும்மா கிடக்க விட்டதில்லை. திருமணத்தில் இசைகுடிமானம் என்னும் ஒப்பந்தம் எழுதுவது, மொய்ப்பணத்தை ஏட்டில் பதிவது ஆகிய சம்பிரதாயங்களால் மங்கல காரியங்களிலும் எழுத்து புகுந்தது. சொல்லும் ஏடும் மாறுபடாத வாழ்க்கையைப் பிள்ளைகள் நாள்தோறும் கண்டு வளர்ந்தார்கள்.

சமூகம் முழுவதும் இந்தப் போதனைக்குத் துணைநின்றது. ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் பணத்துக்கு உரிய நடப்பு வட்டியை ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி எல்லாரும் அறியத் தீர்மானித்தார்கள். வழக்குகளைப் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டார்கள். தொழிலில் ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்துத் தண்டாயுதபாணி கோயில்களையும் சத்திரங்களையும் பாடசாலைகளையும் நடத்தினார்கள். சிங்கப்பூரில் டாங்க் ரோடு கோயில் 1859-இல் எழுந்தது இத்தகைய கூட்டு முயற்சியால்தான். தர்மத்துக்கு ஒதுக்கிய பணமும் கணக்கில் ஏறியமையால், கொடைக்கும் சிக்கனத்துக்கும் பகை இல்லை என்பதை இளைஞன் உணர்ந்தான்.

இந்தத் தெளிவின் அருமையை அறிய, அதே காலத்துச் சென்னையில் நடந்த ஒன்றை நினைவுகூர்தல் தகும். அர்பத்நாட் கம்பெனி என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் பெயருக்கும் அந்தஸ்துக்கும் மயங்கி, உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் சிறு சேமிப்புக்காரர்களும் தம் வாழ்நாள் சம்பாத்தியத்தை அதில் போட்டு வைத்தார்கள். அக்கம்பெனி 1906 அக்டோபரில் திவாலாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் அதன் ஐந்தொகையைக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லித்தருவாரும் இல்லை. அந்தத் துயரத்தின் விளைவாக, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், நகரத்தார் பிரமுகர்களின் ஆதரவும் சேர்ந்து, 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. பொருளை ஒப்படைக்கும் முன் கணக்கைப் பார்க்க வேண்டும் என்ற சிறு பாடத்தைச் சென்னை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

இவ்வளவு சிறப்பான முறை குறையற்றதென்று சொல்வது சத்தியமாகாது. முதற் குறை, அந்தப் பாடம் தன்னவர்களோடு நின்றுவிட்டது. தன் மகனுக்கு அளந்து செலவழிக்கக் கற்பித்த அதே கை, பர்மியக் குடியானவனுக்குக் கடனைக் கொடுத்ததே அன்றி, அதை ஆளும் வித்தையைக் கொடுக்கவில்லை. அந்நாட்டு மற்ற லேவாதேவிக்காரரைவிடக் குறைந்த வட்டி வாங்கினார்கள் என்பது உண்மை. ஆயினும், விலை ஏறியபோது தாராளமாகக் கொடுத்தவர்கள், விலை வீழ்ந்தால் அவன் என்ன செய்வான் என்று அவனுடன் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாவது குறை, வழிகாட்டிகள் அனைவரும் ஒரே பெட்டியடியில் பயின்றவர்களாகையால் ஒரே திசையை நோக்கினார்கள். ஒரு கடனாளியிடம் தொகை முடங்கினால் எச்சரித்த முதலாளி, ஒரே நாட்டில், ஒரே பயிரை நம்பித் தம் சமூகத்தின் பெரும்பொருள் முடங்கியிருப்பதை எண்ணி அஞ்சவில்லை.

1930-இல் உலக மந்தம் வந்தது, நெல் விலை ஓரிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக இருந்த நிலங்கள் விரும்பாமலே நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்களிடம் சுமார் 5,70,000 ஏக்கர், அதாவது மொத்தச் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு இருந்தது. 1937-இல் அது 24 லட்சம் ஏக்கரைத் தாண்டி, நாலில் ஒரு பங்காயிற்று. நிலம் இழந்த குடியானவனின் துயரமும் கோபமும் நியாயமானவை. பணம் மண்ணில் முடங்கிய கடைக்காரனின் துன்பமும் மெய்யானதே. 1942-இல் ஜப்பானியர் நுழைந்தனர்; ஏடுகளைச் சுமந்துகொண்டு கப்பலிலும் கால்நடையாகவும் ஓடிவந்தவர்கள் பலர்; வழியில் மாண்டவர்கள் பலர். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் செய்தது. 1963, 1964 ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. மூன்று தலைமுறையின் உழைப்பு ஏட்டளவில் எஞ்சியது. இந்த முறைக்கு இளமையைப் பலியிட்டவர்களையும் நாம் மறக்கலாகாது: தாயின் மடியை விட்டுப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிக்குப் போன சிறுவர்களும், மணமான சில மாதங்களில் கணவனைக் கப்பலேற்றிவிட்டு மூன்று ஆண்டு காத்திருந்த இளம்பெண்களும் அதன் இலாபநஷ்டக் கணக்கில் எங்கும் பதியப்படாதவர்கள்.

காலத்தின் குறிப்பை முன்னரே உணர்ந்தவர்களும் அச்சமூகத்தில் இருந்தார்கள். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே சமயத்தில் கிளை திறந்தார். கருமுத்து தியாகராசச் செட்டியார் ஆலைத் தொழிலில் ஓங்கியதோடு 1943-இல் மதுரை வங்கியையும் நிறுவினார். நகரத்தாரின் பொருள் ஆலைகளிலும், காப்பீட்டிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற கல்விச் சாலைகளிலும் வேர்விட்டது. ஆனால் பெட்டியடிப் பாடம் மெல்ல மெல்ல மறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போயினர், அது நன்றே. இளமையில் மேடானுக்குச் சென்று வட்டிக்கடையில் பணியாற்றிய ப. சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’ முதலிய நாவல்களில் அந்தக் கடை வாழ்க்கை இலக்கியமாக நிலைபெற்றிருக்கிறது. வாழ்க்கையில் அது இல்லை. கல்லூரியில் பொருளாதாரம் கற்றுத் தேறிய இளைஞன், தன் முதல் சம்பளத்தைப் பங்கிடத் தெரியாமல் திகைக்கும் நிலை இந்த இடைவெளியில் உண்டாயிற்று.

அந்த இடைவெளியை நிரப்பவே இன்றைய பொருள் வழிகாட்டிகள் வந்திருக்கிறார்கள். அவர்கள் தொழில் மதிப்புக்குரியது. ஆனால் எவரை ஏற்பது என்பதில் பழைய அனுபவம் நமக்கு உதவவேண்டும். பழைய ஆசானுடைய ஊதியம் மாணவனின் கணக்கு வளர்வதில் இருந்தது. மாணவனிடம் ஒரு பொருளை விற்பதில் இல்லை. இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமாகிய செபி, முதலீட்டு ஆலோசகர்களுக்கு 2013-இல் விதிகள் வகுத்து 2020-இல் அவற்றை இறுக்கியபோது நாடியதும் இதுவே: ஒருவரிடம் ஆலோசனைக் கட்டணம் பெறுகின்றவர், அதே ஒருவருக்கு முதலீட்டுத் திட்டங்களை விற்றுக் கமிஷனும் பெறலாகாது. ஆகையால் வழிகாட்டி ஒருவரிடம் செல்கின்றவர், அவர் செபியில் பதிவு பெற்றவரா என்பதையும், அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கூச்சமின்றிக் கேட்கவேண்டும். முதல் நாளிலேயே எங்கே போடலாம் என்று சொல்லத் தொடங்குகின்றவரைவிட, மூன்று மாதத்து வரவுசெலவை எழுதிக்கொண்டு வரச் சொல்கின்றவரே மேலானவர். நம் பணத்தைத் தம் கையில் வாங்கிக்கொள்ள விரும்புகின்றவரை விட்டு விலகி, நம் கையிலேயே வைத்து ஆளப் பழக்குகின்றவரை நாடவேண்டும். எல்லாச் சேமிப்பையும் ஒரே இடத்தில் குவிக்கச் சொன்னால், பர்மாவை நினைவூட்டி, காரணம் கேட்கவேண்டும்.

நம்முடைய கடமை அங்கே முடிந்துவிடுவதில்லை. கட்டணம் கொடுத்து முப்பது வயதில் கற்கும் பாடத்தைப் பன்னிரண்டு வயதில் வீட்டிலேயே கற்பிக்க முடியும். அதற்குக் கிட்டங்கியும் கடற்பிரயாணமும் வேண்டியதில்லை. குடும்பத்தின் மாதக் கணக்கைப் பிள்ளைகளின் முன்னே, ஆணென்றும் பெண்ணென்றும் பிரிக்காமல், திறந்து எழுதுங்கள். அவர்களுக்கென்று ஒரு தொகையை அளந்து கொடுத்து, அதற்குள் நடத்திக்கொள்ள விட்டு, மாத முடிவில் அவர்கள் எழுதிய கணக்கை உடன் அமர்ந்து பாருங்கள். பிழையைக் கண்டால் கடிந்துகொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். சொத்தை விட்டுச் செல்ல முடியாத பெற்றோரும் இந்த ஒரு பழக்கத்தை விட்டுச் செல்ல முடியும்; அதை இந்த மாதமே தொடங்குங்கள்.